கிளி கடிதலும் கிளி கடித்தலும்

விசுவமடுவிலிருந்து எட்டாந் தரத்திற் பயிலும் மாணவி ஒருத்தி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கின்றாள். அதன் சாரத்தை மட்டும் நேயர்களுக்குத் தருகின்றோம். அவள் வீட்டில் ஒரு பச்சைக்கிளி உண்டு. வேறொரு வீட்டில் வளர்ந்த அக்கிளி, அவ்வீட்டார் ஊர் மாறிச் சென்றபோது கூண்டோடு இவர்களிடம் வந்து சேர்ந்தது. அதன் இறகுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. வந்த நாள் தொட்டு, கையைக் கண்டாற் கடிக்கின்றது. தம்பியின் சுட்டுவிரலில் இரத்தம் வரக் கடித்துவிட்ட பின்னர், "கூண்டைத் திறந்து விடுவோம், எங்காவது போகட்டும்" என்கின்றார் தகப்பனார். "வாயில்லாச் சீவன், இருந்துவிட்டுப் போகட்டும்" என்கின்றார் அம்மம்மா. தைப்பொங்கலுக்கு முன் கிளி திருந்தாவிடில் தகப்பனார் சொன்னபடியே நடக்கும் என்று வீட்டில் முடிவாகியிருக்கின்றதாம். "அதற்கு என்மேல் நம்பிக்கை வருவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கின்றாள் அம்மாணவி.

கடியை நிறுத்துவது எவ்வாறு என்று கேளாமல், நம்பிக்கையைப் பெறுவது எவ்வாறு என்று கேட்டிருப்பதனாலேயே இவ்வாரம் முழுவதையும் இக்கடிதத்திற்கு ஒதுக்குகின்றோம்.

முதலில் தகப்பனாரிடம் ஒரு வேண்டுகோள். இறகு வெட்டிய கிளியைத் திறந்து விடுதலை விடுதலை என்று சொல்லுதல் தகாது. பறக்க இயலாத பறவையைப் பூனைக்கும் கீரிக்கும் காகத்திற்கும் கையளிப்பதாகவே அது முடியும். பல காலம் கூண்டில் உண்டு வளர்ந்தமையால் இரை தேடவும் அதற்குத் தெரியாது. ஆதலால் தைப்பொங்கல் என்ற தவணையை அவர் கைவிட வேண்டும். தவணை வைத்து எவரிடமும் நம்பிக்கையைப் பெற்றுவிட முடியாது. கிளியிடம் சொல்லவே வேண்டியதில்லை.

நம் தமிழில் 'கடி' என்னும் சொல்லுக்கு ஒரு விந்தையுண்டு. சங்கப் பாடல்களிற் குறிஞ்சி நிலப் பெண்கள் தினைப்புனத்துப் பரண்மேல் இருந்து கிளி கடிந்தார்கள். கடிதல் என்றால் ஈண்டு ஓட்டுதல். தட்டை, குளிர், தழல், கவண் எனக் கிளி கடியும் கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் இருந்தன. இன்றும் வன்னிப் பெருநிலத்தில், நெற்கதிர் முற்றும் பருவத்தில், தகரத்தைத் தட்டிக் கிளி கலைப்பதைக் காணலாம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், குளத்தையும் வயலையும் மிளகாய்த் தோட்டங்களையும் கொண்ட விசுவமடுவுக்கு இது புதிதன்று. கிளியைத் தன் பெயரிலேயே தாங்கிய கிளிநொச்சி அதற்கு அயலிலேயே இருக்கின்றது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் கிளியைக் கடிந்து வந்திருக்கின்றோம். அது நம்மைக் கடிப்பதில் வியப்பென்ன?

ஆயினும் நம் மனத்தில் இருக்கும் கிளி வேறு. மதுரை மீனாட்சியம்மையின் கையிலும், ஆண்டாளின் கையிலும் கிளியைக் கண்டு கண்டு, கிளி என்றாற் கையில் வந்து அமர்வதுதான் என்று எண்ணப் பழகிவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் நாள்தோறும் வைக்கப்படும் கிளி இலைகளாலும் மாதுளம்பூவாலும் புனையப்படுவது. அது கடியாது. உயிர்க்கிளியின் செய்தி வேறு. நாயும் பசுவும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து, மனிதனுக்கேற்பத் தம் இயல்பை மாற்றிக்கொண்டவை. நம் நாட்டுப் பச்சைக்கிளியோ காட்டுப் பறவை. கூண்டில் இருப்பினும், அதன் தாயோ பாட்டியோ ஏதோ ஒரு மரப்பொந்தில் முட்டையிட்டதாகவே இருக்கும். போர்க்காலத்தில் எறிகணை பட்டுத் தலை முறிந்த பனைகளும் தென்னைகளும் வன்னியில் எத்தனையோ நின்றன. பட்டுப்போன மரங்களின் பொந்துகளே கிளிகளுக்கு விருப்பமான குடியிருப்புகள். அப்பொந்துக்குள் நுழைந்து குஞ்சைப் பற்றி இழுத்தெடுக்கும் மனிதக் கையே அக்கிளி வாழ்நாளில் முதன்முதற் கண்ட கையாக இருக்கலாம். பிறகு இறகு வெட்ட ஒரு கை பிடித்தது. வேறொரு வீட்டுக்குக் கூண்டைத் தூக்கிச் செல்ல இன்னொரு கை வந்தது. தன்னைப் பற்றவே வரும் ஒரு பிராணியாகவே அக்கிளி கையைக் கருதுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம்.

கிளி வேட்டையாடும் பறவையன்று, வேட்டையாடப்படும் பறவை. அதனாலேயே அதன் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. முன்னும் பின்னும் மேலும் ஏறக்குறைய ஒரே நேரத்திற் பார்த்துக்கொண்டிருப்பதே அதன் உயிர்க்காப்பு. மேலிருந்து சடுதியில் இறங்கும் எதுவும் அதற்கு வல்லூறுதான். கூண்டின் மேற்கதவைத் திறந்து கையை உள்ளே இறக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றோம். கிளிக்கு அது தெரியாது.

இனி அலகைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளியின் காலில் இரு விரல்கள் முன்னும் இரு விரல்கள் பின்னும் இருப்பதால், காலையே கையாக்கி உணவைப் பற்றித் தின்கின்றது. அதற்கு மேலாக அலகு ஒரு மூன்றாவது கை. ஏறும்போதும் இறங்கும்போதும் கிளையை முதலில் அலகால் தொட்டுப் பிடித்து, உறுதியானதுதானா என்று சோதித்த பின்னரே காலை வைக்கும். ஒருவரது விரலையும் முதலில் இவ்வாறுதான் சோதிக்கின்றது. இதனைக் கடி என்று எண்ணிக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோர் பலர். இழுத்த கை உறுதியற்ற கிளை. அதை மறுமுறை கிளி இறுகப் பிடிக்கும். அல்லது அணுகவே அணுகாது. தொட்டுப் பார்த்தல் வேறு, கடித்தல் வேறு. முன்னதில் அழுத்தம் இராது. நாக்கும் வந்து தடவும்.

உண்மையான கடி எச்சரிக்கையின்றி வருவது மிக அரிது. கடிக்கு முன் கிளி பலவாறு பேசுகின்றது. இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கி, மெலிந்து நெடிதாய் நிற்கும். கண்ணின் பாவை சுருங்கியும் விரிந்தும் துடிக்கும். முதிர்ந்த பச்சைக்கிளியின் கண் வெளிறிய நிறமுடையதாகையால் இத்துடிப்பு நன்கு தெரியும். உடலைப் பின்னுக்குச் சாய்க்கும். ஒரு காலெடுத்து விலகும். உணவைத் தின்றுகொண்டிருந்தால் நிறுத்திவிடும். வாலை விசிறிபோல் விரிப்பதும், அலகைச் சற்றே திறந்தபடி கையை நோக்குவதும் கடைசி எச்சரிக்கைகள். மாறாக, இறகுகளைத் தளர்த்தி உதறுதல், ஒற்றைக்காலில் நிற்றல், அலகை மெல்ல அரைத்துக்கொள்ளல், நம் முன்னிலையிலேயே இறகு கோதுதல் ஆகியவை அமைதியின் அடையாளங்கள். இவற்றைக் கற்றுக்கொள்வதற்கு இக்காலத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. கைத்தொலைபேசியை ஓரிடத்தில் நிறுத்திக் கிளியைப் படம்பிடித்து, பின்னர் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், கடிக்கு முன்னே எத்தனை முறை அது 'வேண்டாம்' என்றது என்பதை எண்ணிவிடலாம்.

நாம் சொல்ல வந்த செய்தி இதுவே. அக்கிளி முதலில் மெல்லச் சொன்னது; எவரும் கேட்கவில்லை. உரக்கச் சொன்னது, அப்பொழுதும் கை நெருங்கியது. கடித்தது, கை உடனே விலகிற்று. கடிதான் மனிதருக்கு விளங்கும் மொழி என்று கிளிக்குக் கற்பித்தவர்கள் மனிதரே. ஒரு செயலின் விளைவு தனக்கு நன்மையாயின் பிராணி அச்செயலை மீண்டும் செய்யும் என்பதை, எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ஸ்கின்னர். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையில் ஒரு மைற்கல். கிளி கடிப்பதற்கும் அதே விதிதான். ஆகவே கிளியின் சிறிய 'வேண்டாம்' மதிக்கப்படும் வீட்டில், பெரிய 'வேண்டாம்' என்னும் கடிக்குத் தேவை குறைந்துகொண்டே வரும்.

ஊரிற் சொல்லப்படும் வைத்தியங்கள் பல. தடித்த துணியைப் போட்டுப் பிடித்துத் தடவினால் பழகிவிடும் என்பார்கள். அலகிற் சுண்டினால் திருந்தும் என்பார்கள். தண்ணீர் தெளிக்கச் சொல்வோரும், ஒரு பகல் பட்டினி போடச் சொல்வோரும் உண்டு. இவை யாவும் கிளியின் அச்சத்தை மெய்ப்பிப்பவை, ஒன்றையும் செய்யற்க. சிறிய உடலில் உயிர்ச்சூடு மிகுந்த பறவைக்குப் பட்டினி ஆபத்தும் ஆகும். இன்னொரு யோசனையும் பரவியிருக்கின்றது: கடித்தாலும் கையை எடுக்காமற் பொறுத்திருந்தால் கடியாற் பயனில்லை என்று கிளி உணர்ந்துகொள்ளுமாம். இதனையும் நாம் ஏற்கவில்லை. ஆகாதென்று கதறும் ஒன்றன் முன் அசையாது நிற்பது வீரமாக இருக்கலாம், நட்பாகாது. கடித்துவிட்டால் கூச்சலிடாமல், உதறாமல், கையை அமைதியாக எடுத்துக்கொண்டு, எந்த இடத்தில் மிக நெருங்கிவிட்டோம் என்பதை நினைவில் வைத்தலே செய்யத்தக்கது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும்.

இனி, அம்மாணவி செய்யவேண்டியவற்றைக் கூறுவோம்.

கூண்டு முற்றத்தின் நடுவில் நாற்புறமும் திறந்தபடி தொங்குமானால், அதை விறாந்தையின் சுவரோரம் மாற்றுக. ஒரு புறமாவது மறைவாக இருத்தல் வேண்டும். மனிதர் நிற்கும்போது முகத்திற்கு ஏறத்தாழ நேராகக் கூண்டு இருப்பது நன்று. இரவிற் பத்து மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் கிளிக்கு வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகில் உள்ள கிளி கண் சிவந்த மனிதரைப் போல் எரிச்சலாகவே இருக்கும்.

முதல் வாரத்தில் கிளியைத் தொடும் எண்ணமே வேண்டாம். கூண்டுக்கு அப்பால், கிளி இரை தின்பதை நிறுத்தாத தூரத்தில், ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கிளியை உற்றுப் பாராமல், பக்கவாட்டில் அமர்ந்து பாடத்தைப் படிக்கலாம். வாய்விட்டுப் படித்தல் மேலும் நன்று. பரீட்சைக்கும் உதவும். நாள்தோறும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே குரலில் படித்து, ஒன்றும் செய்யாமல் எழுந்து போகும் ஒரு மனிதப் பிறவி அக்கிளியின் அனுபவத்திற் புதியது.

அதற்கு எது மிக விருப்பமான தீனி என்பதை அறிந்துகொள்வது அடுத்த வேலை. பலவற்றை ஒரு தட்டில் வைத்து, எதை முதலில் எடுக்கின்றது என்று பார்த்தால் தெரியும். கொய்யா, பயற்றங்காய், சோளக்கதிர், சூரியகாந்தி விதை, அவித்த கச்சான் என ஏதாவது ஒன்றாக இருக்கும். விசுவமடுவில் இன்னொன்றும் எளிதிற் கிடைக்கும்: செடியிற் பழுத்த மிளகாய். நேயர்கள் திடுக்கிட வேண்டாம். மிளகாயின் உறைப்பை உணரும் கருவி பாலூட்டிகளின் நரம்பில் உள்ளவாறு பறவைகளிடம் இல்லை. உறைப்பு எலி முதலியவற்றை விலக்கும். பறவைகளோ பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் என்பதை 2001ஆம் ஆண்டில் டியூக்ஸ்பரி, நாபன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் காட்டினர். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1970களில் வடக்கின் மிளகாய்ச் செய்கையாளர் பலர் நிமிர்ந்தனர் என்பதை முதியோர் அறிவர். அச்செல்வத்திற் கிளிக்கும் பங்குண்டு போலும்! ஆனால் மருந்து தெளித்த தோட்டத்து மிளகாயைக் கொடுக்கவே கூடாது. உப்பு, தேநீர், சொக்கலேற், அவகாடோப் பழம், பூஞ்சணம் பிடித்த கச்சான் ஆகியனவும் கிளிக்கு நஞ்சு.

விருப்பத் தீனியை நாளாந்தத் தட்டிலிருந்து விலக்கி, மாணவியின் கையிலிருந்து மட்டுமே கிடைக்கச் செய்தல் வேண்டும். மற்றைய உணவிற் குறைவிருத்தல் ஆகாது. நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடம் போதும். கூண்டை நோக்கி மெல்ல நடந்து, கிளியின் உடல் இறுகத் தொடங்குமுன்னரே நின்று, தீனியைக் கூண்டின் வெளிப்புறத்துக் கிண்ணத்தில் இட்டுவிட்டுத் திரும்பிவிடுக. இதில் இரண்டு வெகுமதிகள் உள்ளன. ஒன்று தீனி, மற்றொன்று, அஞ்சிய பொருள் தானாகவே விலகிச் செல்வது. கடிக்காமலேயே கை போய்விடுகின்றதே என்று கிளி கண்டுகொள்ளும் நாள்தான் இம்முயற்சியின் உண்மையான தொடக்கம். அதன் பின் நாளுக்கு நாள் ஒரு விரற்கடை நெருங்கலாம். கம்பிகளினூடே நீளமான கொய்யாத் துண்டைக் காட்டலாம். கிளி தானாக எட்டி வாங்க வேண்டும். அதன் அலகை நோக்கி நாம் திணித்தல் ஆகாது. வாங்காவிட்டால், அன்றைய பாடம் முடிந்தது என்று எழுந்துவிட வேண்டும்.

கையிலிருந்து வாங்கப் பழகிய பின்னர், ஒரு மரத்தண்டை அதன் மார்பின் கீழ்ப்புறமாக, மேலிருந்தன்றிப் பக்கத்திலிருந்து, மெல்லக் கொண்டுவந்து, தண்டுக்கு அப்பால் தீனியைக் காட்டினால் கிளி காலை வைக்கும். ஒரு காலை வைத்தாலே கொடுத்துவிடுக. தண்டில் ஏறப் பழகினாற் பின்பு முன்கையிலும் ஏறும். இதற்கு எத்தனை நாள் என்று கேட்பது இயல்பு. சில கிளிகளுக்குச் சில வாரங்கள். துன்பம் மிகக் கண்ட கிளிகளுக்கு மாதங்கள். ஓராண்டு சென்ற பின்னரும் கையில் ஏறாமல், கம்பியருகே வந்து நின்று தலைசாய்த்துப் பார்க்கும் அளவோடு நின்றுவிடும் கிளிகளும் உண்டு. அவ்வாறாயின் அந்த அளவே அதன் விருப்பம். பச்சைக்கிளி இருபது, முப்பது ஆண்டு வாழக்கூடியது. மாணவி பிள்ளை குட்டி பெற்ற பின்னும் அது இருக்கலாம், அவசரம் எதற்கு?

'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த ஒரு கிளி உலகப் புகழ் பெற்றது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பேர்க் 1977ஆம் ஆண்டில் ஒரு கடையில் வாங்கிய ஆபிரிக்கச் சாம்பற் கிளி அது; அலெக்ஸ் என்பது பெயர். நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கற்று, பொருளின் நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டவுடன் சொன்னது. 2007 செப்தெம்பரில் இறந்தபோது பல நாட்டுப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. அதன் திறமைகளுள் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. பாடம் சலித்துவிட்டால், திரும்பிப் போக வேண்டும் என்று அது சொற்களாலேயே தெரிவிக்கும். விசுவமடுக் கிளிக்கு அச்சொற்கள் இல்லை. இறகும் கண்ணும் அலகுமே இருக்கின்றன.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். தம்பி கடிபட்டவன்; அவனுக்கும் அச்சம் இருக்கும். அவனைக் கட்டாயப்படுத்திக் கூண்டருகே நிறுத்துவது, கிளியைத் துணிபோட்டுப் பிடிப்பதற்கு ஒப்பானது. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றும் வேலையைத் தூரத்தில் நின்று அவன் பார்க்கட்டும். சீனவெடி கொளுத்தும் நாட்களில் கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய் அரைவாசி மூடி வைக்க வேண்டும். சத்தத்திற்கு நடுங்கும் ஓர் உயிருக்கு 'பயப்படாதே' என்று அதட்டுவது எவ்வளவு வீண் என்பதை, 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீடு வாசல் விட்டுப் பதுங்குகுழி பதுங்குகுழியாய்ப் பெயர்ந்து சென்ற ஊராருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்மம்மாவைக் கேட்டால் அவர் சொல்லுவார்.

பழகி வந்த கிளி திடீரெனக் கடிக்கத் தொடங்கினால், நோயோ நோவோ காரணமாக இருக்கலாம். இறகை உப்பிக்கொண்டு சோர்ந்திருத்தல், எச்சம் நீராகப் போதல், மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குதல் ஆகியவற்றைக் கண்டால் மிருக வைத்தியரிடம் உடனே காட்டுக. கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய காய்ச்சல் நோய் ஒன்றும் உண்டாகையால், கூண்டைத் துப்புரவு செய்தபின் கை கழுவாமல் உண்ணல் ஆகாது. தோளிற் சிவப்புத் திட்டு இருக்குமாயின் அது சாதாரணப் பச்சைக்கிளியன்று, பெரிய கிளியினம்; அதன் கடி இன்னும் கடுமையானது. சிறு பிள்ளைகளை அதனருகே தனியே விடலாகாது.

இக்கிளிக்குத் துணையாக இன்னொன்றைக் காட்டிலிருந்து பிடித்துத் தர எவரேனும் முன்வந்தால் மறுத்துவிடுக. இந்தியாவில் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகும். இலங்கையில் 1937ஆம் ஆண்டு முதல் காட்டுயிர்களுக்கென ஒரு கட்டளைச் சட்டம் இருக்கின்றது. கையில் வந்து சேர்ந்த கிளியைப் பற்றியும் வனசீவராசிகள் திணைக்களத்து அலுவலகத்திற் கேட்டு வைத்துக்கொள்வதே முறை. ஒரு நாள் அதைக் காட்டில் விடலாமா என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும்.

வெட்டிய இறகுகள் என்றைக்கும் அப்படியே இரா. ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்ந்து புதியன முளைக்கும். மறுபடியும் வெட்டிவிடலாகாது, பறக்க முடியும் என்று அறிந்த கிளி, அஞ்சும்போது விலகிப் பறந்துவிடும், விலக வழியற்ற கிளியே கடிக்கும். முளைத்து வரும் இளம் இறகின் தண்டினுள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், தொட்டால் நோகும். அவ்வாரங்களில் நன்கு பழகிய கிளியும் முறைக்கக் கூடும். அப்போது மாணவி மனந்தளராமல், கொய்யாத் துண்டை வெளிக்கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தன் கதிரைக்கே திரும்பிச் சென்று, விட்ட இடத்திலிருந்து பாடத்தைப் படிப்பாளாக.